நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி நட, தம்பி!

பௌர்ணமியும் சனிக்கிழமையும் ஒன்றாக வந்துவிட்டால், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ் எங்கே நிற்கும் என்று யாரையும் விசாரிக்க வேண்டாம். எந்த பஸ் நிற்பதற்கு முன்பே அதன் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப், செய்தித்தாள், ஆபீஸ் பை, சில சமயம் குழந்தை எல்லாம் உள்ளே பறக்கிறதோ, அதுதான்!

ஒரு காலத்தில் கிரிவலம் என்றால் ரிடையரானவர்கள் சமாசாரம். பி.எஃப். பணம் கைக்கு வந்தது, பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது, இனி மலையைச் சுற்றலாம் என்று கிளம்புவார்கள். இப்போது பாருங்கள்... ஐ.டி. கார்டைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வரும் இளவட்டங்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். 2024-லிருந்து சென்னை பீச்சிலிருந்து நேராகவே ரயிலும் விட்டுவிட்டார்கள். கேட்க வேண்டுமா?

பக்தி வளர்வது நல்லதுதான். ஆனால் சார், இந்த இளவட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் ரெக்கார்டாகப் பார்ப்பது! கையில் கட்டிய வாட்ச் காலடியை எண்ணுகிறது, இதயத் துடிப்பை எண்ணுகிறது, எரிந்த கலோரியை எண்ணுகிறது. எண்ணாத ஒரே விஷயம், வரும் வழியில் ஹைவே மோட்டலில் உள்ளே தள்ளிய பரோட்டா. விளைவு? நிருதி லிங்கத்துக்கும் வருண லிங்கத்துக்கும் நடுவில், புளிய மரத்தைக் கட்டிப் பிடித்தபடி, "உவ்வே...!"

இந்த உவ்வேயைப் பற்றித்தான் இந்த வாரம். முகம் சுளிக்காதீர்கள். ஜிம்மில் கால் எக்சர்சைஸ் முடித்ததும் பாத்ரூமுக்கு ஓடியவர்களுக்கும், ஆபீஸ் கிரிக்கெட் மேட்ச்சில் மூன்று ரன் ஓடிவிட்டு பிட்ச்சிலேயே உட்கார்ந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. அதைச் சுற்றி வரும் தூரம் சுமார் 14 கிலோ மீட்டர். 217 அடி உயர ராஜகோபுரத்தின் முன்னால் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் எட்டு திசைக்கு எட்டு லிங்கம். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம். சேஷாத்ரி ஆசிரமம், ரமணாசிரமம் வரை செங்கம் ரோட்டில் ஊர் கூடவே வரும். எம லிங்கம் தாண்டி வலது பக்கம் திரும்பியதும்தான் மரங்களும் காற்றும், மலையின் முழு முகமும். அப்புறம் வருண லிங்கம், அடி அண்ணாமலை கோயில், வாயு லிங்கம், குபேர லிங்கம். தொப்பைக்காரர்களைப் பயமுறுத்தும் இடுக்குப் பிள்ளையார். கடைசியில் ஈசான்யம்.

பாதி வழி வரைக்கும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. உற்சாகம் இழுத்துக்கொண்டு போகும். கணக்கு தீர்க்கப்படும் இடம் மேற்குப் பக்கம்தான். ஆறேழு கிலோ மீட்டர் ஆகியிருக்கும், ஊர் பின்னால் போயிருக்கும், செருப்பில்லாத கால் முனக ஆரம்பித்திருக்கும். வயிறு தன் மனுவை அங்கேதான் தாக்கல் செய்யும்.

ஏன் இப்படி? நான் படித்தது பி.காம். அதனால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். அவசரத்துக்கு வெளியே கடன் கிடைக்காது. இருக்கிற முதலை ஒரு டிபார்ட்மென்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம், அவ்வளவுதான். சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு வயிறு, குடல், ஈரல் செக்ஷனுக்குப் போகிறது. எழுந்து வேகமாக நடந்தால் கால் தசைகள் "எங்களுக்கு உடனே அனுப்பு" என்று கத்தும். உடம்பு சூடானால் அதை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். எங்கே கை வைப்பது? வயிற்றுக்காரன் பட்ஜெட்டில்தான்! உழைப்பு கடுமையாக ஆக ஆக அவன் பங்கு பாதிக்கும் கீழே போய்விடும்.

அந்த நேரம் பார்த்து அவன் மேஜையில் நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட் என்று ஃபைல் குவிந்து கிடந்தால் என்ன செய்வான்? வேலை பார்க்க ஆளில்லை. வந்த ஃபைலை வந்த வழியே திருப்பி அனுப்புவான். வாந்தி என்பது வேறொன்றுமில்லை சார், ரிட்டர்ன் டு செண்டர்!

சாப்பிடாமல் வந்தாலும் தப்பிக்க முடியாது. காலையிலிருந்து விரதம், நடுவில் ரெண்டு காபி, கூடவே தலைவலி மாத்திரை. காலி வயிற்றில் இதெல்லாம் அமிலத்தைக் கிளப்பும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி, கண் இருட்டி, அங்கேயும் குமட்டல்தான்.

குமட்டலுக்குப் பேர் போன ஊர் நம் சென்னை என்பது கிரிக்கெட் ரசிகர்களுக்கு நினைவிருக்கும். 1986 செப்டம்பர். சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட். டீன் ஜோன்ஸ் என்கிற 25 வயது மெல்போர்ன் பையன் மூன்றாவது ஆட்டக்காரராக இறங்கி, நம்ம வெயிலில் 500 நிமிஷத்துக்கு மேல் நின்றார். தசைப்பிடிப்பு. பிட்ச் ஓரத்திலேயே வாந்தி. முடியவில்லை என்று போகப் பார்த்தவரை கேப்டன் ஆலன் பார்டர், 'நீ போ, உன்னைவிட உறுதியான ஒரு குவீன்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்' என்கிற தோரணையில் ரோஷமூட்டி நிறுத்தி வைத்தார். 210 ரன் அடித்தார் ஜோன்ஸ். அடித்து முடித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த மேட்ச் 'டை' ஆனதும், டெஸ்ட் சரித்திரத்திலேயே அது இரண்டாவது டை என்பதும் தனிக் கதை. அதே வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிய கிரெக் மாத்யூஸ் பத்து விக்கெட் எடுத்தார். அதெல்லாம் விதிவிலக்கு! நீங்கள் முயற்சிக்க வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு தேர்ந்த விளையாட்டு வீரரையே சுருட்டிப் போட்ட வெப்பமும் உப்பு நஷ்டமும், வாரம் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்து ஆறாம் நாள் கிரிவலம் வரும் நம்மைச் சும்மா விடுமா? அதுவும் திருவண்ணாமலை அக்னி ஸ்தலம். சித்திரை மாதம் சூரியன் மறைந்த பிறகும் ரோடு சூடாகவே இருக்கும்.

போன சித்ரா பௌர்ணமிக்கு நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். அதில் ஒருவன் எங்கள் அக்கௌண்ட்ஸ் தம்பி. வயது 27. ரெண்டே கால் மணி நேரத்தில் 14 கிலோ மீட்டரை முடிக்கிறேன் என்று பந்தயம் கட்டிக்கொண்டு கிளம்பினான். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு ஆறு கிலோ மீட்டருக்கு மேல். கூட்டத்தில் அது நடையே இல்லை, பாதி ஓட்டம். எம லிங்கம் வரைக்கும் அவன் முதுகு தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

நிருதி லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பார்த்தால், ரோட்டு ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முகம் வெளிறியிருந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ரெண்டு தடவை வாந்தி எடுத்தாயிற்றாம். நாங்கள் வழக்கம் போலக் கிண்டல் பண்ண வாயெடுத்தோம். பையன் அழுதுகொண்டிருந்தான்.

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. பந்தயமெல்லாம் மேல்பூச்சு. அவன் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்து மூன்று மாதம் ஆகிறது. நல்லபடியாக எழுந்து நடந்தால் பதினொரு பௌர்ணமி சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். இது முதல் பௌர்ணமி.

"முதல் தடவையே இப்படி ஆயிடுச்சுண்ணே... சாமி என்னை வேணாம்னு தள்ளிட்டார்ணே. அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றான்.

எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. பக்கத்தில் சுக்கு காபி கேனோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாதான் வாயைத் திறந்தார்.

"பஸ்ஸுல என்னாடா துன்ன?"

"பரோட்டாம்மா... நாலு."

"எப்போ?"

"எட்டரைக்கு."

"இப்போ மணி பத்தரை. பரோட்டா துன்னுட்டு ஓட்டமா ஓடியாந்துட்டு சாமி மேல பழியப் போடுறியே! சாமியாடா உனக்குப் பரோட்டா ஊட்டுச்சு? நெறமாசக்காரி மாதிரி நடக்கணும்டா இந்த மலைய. போய் மூஞ்சியக் கழுவு."

டாக்டர் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்லும் விஷயம் இதில் முழுசாக இருக்கிறது!

அந்த அம்மா சொன்னது அவர் சொந்தச் சரக்கும் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு மகாராணி எப்படி அடி மேல் அடி வைத்து நடப்பாளோ, அப்படித்தான் அண்ணாமலையைச் சுற்ற வேண்டும் என்பது இந்த ஊரின் பழைய விதி. 1896-ல் இங்கே வந்து, 1950-ல் மறையும் வரை ஊரை விட்டே போகாத ரமணர், அடியார்களோடு பலமுறை மலையைச் சுற்றியவர். வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, இளைப்பாறி, நாள் கணக்கில்கூட நீண்டதுண்டு அந்தக் கிரிவலங்கள்.

இன்னொரு விதியும் உண்டு. மலையை ஒட்டிய வலது பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கிறார்கள், அதனால் மனிதர்கள் இடது ஓரமாகவே போக வேண்டும் என்பார்கள். அதாவது ஓவர்டேக் பண்ண வலது பக்கம் ஏறினால் ஏதாவது ஒரு சித்தர் மேல் இடிப்பீர்கள்! இதைவிட நல்ல ஸ்பீடு பிரேக்கரை எந்த நெடுஞ்சாலைத் துறையும் கண்டுபிடித்ததில்லை.

சரி, குமட்டல் வராமல் சுற்றுவதற்கு வழி என்ன? எனக்குத் தெரிந்த மருத்துவ நண்பர்களைக் குடைந்து வாங்கியதைச் சொல்கிறேன்.

ராத்திரி 10 மணிக்கு நடக்கப் போகிறீர்களா? 7 மணிக்குள் சாப்பாட்டை முடியுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் மாதிரி லேசானது. எண்ணெயும் கொழுப்பும் வயிற்றில் ரொம்ப நேரம் குடித்தனம் நடத்தும். 9 மணிக்கு ஒரு வாழைப்பழம் போதும். வழியில் தொன்னையில் சுடச்சுடப் பொங்கலும் சாம்பார் சாதமும் அன்னதானமாக நீட்டுவார்கள். புண்ணியத்தை மறுக்க மனசு வராதுதான். ஒரு வாய் எடுத்துக்கொள்ளுங்கள், எட்டு இடத்தில் எட்டுத் தொன்னை வேண்டாம்.

பஸ்ஸில் வரும்போதே பாதிக் குமட்டலை ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. கடைசி ஸீட்டில் உட்கார்ந்து நாலு மணி நேரம் போனில் படம் பார்த்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? முன்பக்கமாக இடம் பிடியுங்கள், ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள். இறங்கியதும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேகத்துக்கு வாட்ச் வேண்டாம். 'அருணாசல சிவ' என்றோ 'ஓம் நமசிவாய' என்றோ வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடங்கள். மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிறதா, சரியான வேகம். பாதியில் மூச்சு வாங்குகிறதா, குறையுங்கள். வெளிநாட்டு உடற்பயிற்சி நிபுணர்கள் 'பேச்சுச் சோதனை' என்று சொல்வது இதைத்தான். பக்கத்தில் நடப்பவரோடு அரசியல் பேச முடிந்தாலும் போதும், ஆனால் அதில் ரத்தக்கொதிப்பு ஏறும் அபாயம் இருக்கிறது. இந்த வேகத்தில் லிங்க தரிசனமும் சேர்த்து நாலு, அஞ்சு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே!

தண்ணீரில்தான் ரொம்பப் பேர் ஏமாறுவார்கள். குடிக்காவிட்டாலும் குமட்டும், அளவுக்கு மீறிக் குடித்தாலும் குமட்டும். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றினால் ரத்தத்தில் உப்பின் அளவு சரிந்துவிடும். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு அப்படிச் சரிந்திருந்தது. அந்த ஓட்டத்தில் ஒரு பெண் இதனாலேயே இறந்தும் போனார். அதனால் நம் கணக்கு: லிங்கத்துக்கு லிங்கம், தாகம் இருந்தால் அரை டம்ளர் அல்லது ஒரு டம்ளர். மடக் மடக்கென்று இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. நடுநடுவே உப்புப் போட்ட நீர்மோர். பாட்டில் கூல் டிரிங்க் வேண்டாம். அந்தச் சர்க்கரையும் கேஸும் வயிற்றை இன்னும் உப்ப வைக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1971 வங்கதேச யுத்தத்தின்போது, பங்கான் அகதி முகாமில் காலரா கொத்துக் கொத்தாக உயிரைப் பறித்த நேரத்தில், டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோக, திலீப் மஹலனாபிஸ் என்கிற வங்காள டாக்டர் சர்க்கரையையும் உப்பையும் தண்ணீரில் கரைத்து வாய்வழியாகக் கொடுத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். அந்தச் சரக்குதான் இது. பாக்கெட் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும், குவித்து அல்ல. ரத்தக்கொதிப்பு, கிட்னி தொந்தரவு உள்ளவர்கள் முன்கூட்டியே தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாம் செய்தும் வயிற்றைப் புரட்டுகிறதா? சட்டென்று நிற்காதீர்கள். வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரமாக வாருங்கள். சட்டை பட்டனைக் கழற்றி விட்டு, ஈரத் துண்டைப் பிடரியிலும் முகத்திலும் போடுங்கள். கற்பூரப் புகையை விட்டுத் தள்ளி வாருங்கள். மூச்சை நிதானமாக இழுத்து விடுங்கள். சுக்கு, இஞ்சி இரண்டுக்கும் குமட்டலை அடக்கும் குணம் உண்டென்று ஆராய்ச்சியாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். வாந்தியே எடுத்துவிட்டால் வாயைக் கொப்பளித்து, பத்து நிமிஷம் விட்டு, ஓ.ஆர்.எஸ். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள்.

இனிமேல் வருவது தமாஷ் இல்லை. குமட்டலோடு நெஞ்சில் அழுத்தமோ, இடது கை, தாடை, முதுகுப் பக்கம் வலியோ, ஜில்லென்ற வியர்வையோ, மூச்சுத் திணறலோ சேர்ந்தால், தயவுசெய்து 'கேஸ் டிரபிள்' என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். இப்போதெல்லாம் முப்பதுகளிலேயே வருகிறது. உடம்பு நெருப்பாய்க் கொதித்து ஆள் சம்பந்தமில்லாமல் உளறினால் வெப்பத் தாக்கு. நிழலிலோ காற்றிலோ படுக்க வைத்துத் தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிர வையுங்கள். சர்க்கரை நோயாளி நடுங்கி வியர்த்தால், விழுங்கும் அளவுக்கு நினைவு இருக்கும்போதே இனிப்புக் கொடுங்கள். எதுவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் பாதையில் மருத்துவ முகாம் போட்டிருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று போகும்போதே கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் ஆட்டோ பிடித்துத் திரும்பினால் எந்த லிங்கமும் கோபித்துக்கொள்ளாது.

நம்ம அக்கௌண்ட்ஸ் தம்பி? முகம் கழுவி, கால் மணி நேரம் உட்கார்ந்து, அந்த அம்மா கையால் அரை டம்ளர் சுக்கு காபி குடித்து, நிறம் திரும்பிய பிறகு எழுந்தான். வாட்ச்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டான். அடி அண்ணாமலையில் பத்து நிமிஷம், குபேர லிங்கத்தில் பத்து நிமிஷம் என்று உட்கார்ந்து உட்கார்ந்து நடந்து, ராத்திரி ரெண்டரை மணிக்கு ஈசான்யத்தில் கற்பூரம் கொளுத்தினான். காலையில் அம்மாவுக்குப் போன் பண்ணி, "ஒரு சுத்து முடிஞ்சுதும்மா" என்று மட்டும் சொன்னான். பரோட்டா சமாசாரம் கணக்கில் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு பௌர்ணமியும் விட்டதில்லை. இப்போதெல்லாம் எங்களுக்கு முன்னால் அல்ல, பின்னால் வருகிறான். சாயங்காலம் ஆறரைக்கே இட்லி எங்கே என்று தொல்லை பண்ணுவதுதான் ஒரே குறை.

ஜிம் அன்பர்களுக்கும் இதே சட்டம்தான். பயிற்சிக்கு ரெண்டு, மூன்று மணி நேரம் முன்பே பெரிய சாப்பாட்டை முடிப்பது, ஆரம்பத்தில் மெதுவாகத் தொடங்குவது, ராத்திரி ஒழுங்காகத் தூங்குவது, முடிந்ததும் தொப்பென்று உட்காராமல் அஞ்சு நிமிஷம் உலாவுவது. வேகமாக ஓடிய காலை டக்கென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலைக்குப் பற்றாக்குறையாகித் தலை சுற்றும், குமட்டும்.

கிரிவலத்தில் இதற்கும் ஏற்பாடு இருக்கிறது பாருங்கள். ஈசான்ய லிங்கத்தோடு முடிவதில்லை. அங்கிருந்து ராஜகோபுரம் வரைக்கும், காலைத் தேய்த்துக்கொண்டு, ஊரை வேடிக்கை பார்த்தபடி மெதுவாக நடந்து வந்தால்தான் ஒரு சுற்று கணக்கு. அங்கே வந்து சேர்ந்த பிறகு உங்களுக்குப் பரோட்டா சாப்பிட முழு அனுமதி உண்டு.